மாதிரிக் கையெழுத்து

“நீங்க குடுக்கலைன்னா அது என்ன, மழையாப் பெஞ்சு அவர் வாயில விழுந்துச்சா?”

“வாயைக் கழுவு முதல்ல. கூடப் பிறந்த தம்பிக்கு நானே ஊத்திக் குடுப்பேனா? என்னைப் பாத்து நீ—”

“ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குப் போகும்போது கை நடுங்குது அண்ணி. திரும்பி வரும்போது நின்னுடுது. ஒரு வாரம் இல்ல, ஒவ்வொரு வாரமும். அது எப்படின்னு நான் கேக்கக் கூடாதா?”

“அக்கா வீட்டுல நிம்மதியா நாலு வாய் சாப்பிட்டா நிக்காதா? உன் மூஞ்சியைப் பாத்தாத்தான் நடுங்குது அவனுக்கு.”

“அம்மா, இது பேங்க்கும்மா,” என்றார் வாசல் காவலர். அதட்டலாகச் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் இப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள் போல, அலுப்போடு சொன்னார். இரண்டு பெண்களும் வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார். “என்னைப் பங்கு போட்டு முடிச்சாச்சுன்னா சொல்லுங்க. நம்ம நம்பர் வரப் போகுது,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நெற்றியோரம் வியர்வை இறங்கியது. தலைக்கு மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டாள். சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் பதினொரு வருஷமாக இஸ்திரி போடுகிறவள் அவள். நேற்று வேலை முடிந்ததும், மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, ஹோட்டல் இயந்திரத்திலேயே அந்தச் சட்டையைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கறையோடு எதையும் வெளியே அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை.

அவருக்குத் தெருவில் பெயர் ‘டாக்டர்’. டாக்டர் இல்லை, பல் செட் செய்து கொடுக்கிற லேபில் வேலை. வாய் அளவு அச்சாக வரும். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஈறு செதுக்கி, கடிக்கிற விதம் பார்த்து, பல் போன மனிதருக்குப் பழைய சிரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பஸ்ஸில் யாராவது வயதானவர் சிரித்தால், “அது நம்ம சரக்கு” என்று அவள் காதில் சொல்வார். “ஊர்ல பாதிப் பேர் உங்க பல்லாலதான் சிரிக்கிறாங்க. எனக்குத்தான் சிரிக்க ஒண்ணும் மிச்சம் வைக்கல” என்பாள். அதெல்லாம் வேடிக்கையாகப் பேச முடிந்த காலம். நாலு மாதத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்குச் செய்த செட்டில் முன்பல் ஒரு மயிரிழை சாய்ந்துவிட்டது. வேறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. லேப் முதலாளிக்குத் தெரிந்தது. “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க” என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. கை நடுங்கியதால் வேலை போனது. வேலை போனதால் காலையிலேயே தொடங்கினார். தொடங்காவிட்டால் கை நடுங்கியது. இதில் எது முதலில் வந்தது என்பது, குடியை வைத்து எட்டு வருஷமாக நடக்கிற சண்டையில் புதுசாகச் சேர்ந்தது.

குடியை நிறுத்த வைக்கிற இடம் தேடியது அவள்தான். வேலை இடைவேளையில், சலவைக்கூடத்தின் பின்வாசலில் நின்று, ஏழு இடங்களுக்குப் போன் போட்டாள். ஓர் இடத்தில் எடுத்ததும் “இன்சூரன்ஸ் இருக்கா?” என்றார்கள், இல்லை என்றதும் குரல் அங்கேயே விறைத்துவிட்டது. இன்னோர் இடத்தில், “உள்ள போட்டுப் பூட்டிடுவோம், நீங்க கவலையே படாதீங்க” என்றார்கள்; அதைக் கேட்டபிறகுதான் அவளுக்குக் கவலையே வந்தது. ஒருவர் படம் அனுப்பினார்: தோட்டம், நீச்சல் குளம், ஒரு குதிரை. அவர்கள் கேட்ட தொகைக்கு அந்தக் குதிரையையே வாங்கி அவரை அதன் மேல் ஏற்றி ஊர்வலம் விடலாம் என்று உடன் வேலை செய்கிறவள் சொன்னாள். ஏழாவது இடத்தில்தான் அந்த நர்ஸம்மா. சளி பிடித்த குரல். நோயாளியைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு, “நீங்க தூங்குறீங்களாம்மா?” என்றாள். இவள் ஒரு கையில் போனும் மறுகையில் யாரோ ஒருவருடைய தலையணை உறையுமாக நின்றுகொண்டு அழுதாள்.

நாற்பத்தைந்து நாள். முன்பணம் பாதி. அந்தப் பாதியே அவளுடைய ஏழு மாதச் சம்பளம். ஒரு படுக்கை காலி. அதை இன்று மாலை நாலு மணி வரைக்கும்தான் பிடித்து வைக்க முடியும். பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். பணம் வந்துவிட்டால் போதும், பிற்பகல் அந்தப் பக்கம் வருகிற அவர்கள் வண்டியே பேங்க் வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும்.

பணம் இல்லாமல் இல்லை. மாமியார் வீட்டை விற்றபோது வந்த பங்கு, அவர் பெயரில், அவர் பெயரில் மட்டும், டெபாசிட்டாகக் கிடக்கிறது. “எங்கம்மா வீட்டுப் பணம், நான் பாக்காம ஒரு காசு எடுக்கக் கூடாது” என்று நாத்தனாரும் கைப்பையை மாட்டிக்கொண்டு கூட வந்துவிட்டாள்.

எண் வந்தது. மூன்று பேரும் எழுந்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அதிகாரி படிவத்தைத் தள்ளி, இரண்டு இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் காட்டினாள். அவர் பேனாவை எடுத்தார். இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பேனா தாளைத் தொடுவதற்கு முன்பே நடுக்கம் தாளைத் தொட்டுவிட்டது. போட்டு முடித்ததைப் பார்த்தால், எறும்பு ஒன்று மையில் விழுந்து, எழுந்து, தப்பித்து ஓடிய மாதிரி இருந்தது. இன்னொரு படிவம். அதிலும் எறும்புதான். மூன்றாவதில் தாளே கிழிந்தது.

அதிகாரி கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். “சார், இது நீங்க குடுத்திருக்கிற மாதிரிக் கையெழுத்து. கொஞ்சமாவது இது போல இருக்கணும்.”

பதினாறு வருஷத்துக்கு முன்னால் போட்டது. முதல் எழுத்து நிமிர்ந்து, அடுத்தடுத்த எழுத்துகள் ஒன்றின் தோளை ஒன்று தொட்டுக்கொண்டு, கடைசிக் கோடு வில்லாக வளைந்து முதல் எழுத்துக்கடியில் வந்து நின்றது. மெழுகில் செதுக்கின மாதிரி. அவள் அதைத் தன் கல்யாணப் பதிவுத் தாளில் பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பக்கத்தில் தன் கையெழுத்துக் கோழி கிளறின மாதிரி இருந்ததற்கு வெட்கப்பட்டும் இருக்கிறாள்.

“அதைப் போட்டவன் இன்னிக்கு லீவு மேடம்,” என்றார் அவர்.

“கைநாட்டு வெச்சா எடுத்துப்பீங்களா?” என்று அவள் குறுக்கே கேட்டாள்.

“அதுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேணும், ரெண்டு சாட்சி வேணும், மேல அனுப்பி அனுமதி வரணும். ஒரு வாரம் ஆகும்மா.” அதிகாரி அவர் நெற்றியைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டு மணி வரைக்கும் இந்தக் கவுண்டர் இருக்கு. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. ஃபாரத்தை நானே வெச்சிருக்கேன்.”

மணி பன்னிரண்டே கால்.

பேங்க் கட்டிடத்தின் பக்கவாட்டில் மாடிப்படி. அதன் கீழ்ப்படியில் அவரை உட்கார வைத்துவிட்டு அவள் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள்.

“கடைசியா எப்பம்மா குடிச்சாரு?”

“நேத்து சாயங்காலம். மிச்சம் இருந்ததை நான் கொட்டிட்டேன்.”

மறுமுனையில் நர்ஸம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நான் என்ன சொல்லியிருந்தேன்? இருக்கிறபடியே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லல? இவ்வளவு நாள் குடிச்ச உடம்பும்மா. சட்டுனு நிறுத்தினா வலிப்பு வந்துடும். இங்க மருந்து குடுத்து மெல்ல இறக்குவோம். வீட்டுல நீங்களா எதுக்குச் செஞ்சீங்க?”

எதற்குச் செய்தாள்? பேங்க்குக்குப் போகிற மனிதர், நாலு பேர் முன்னால் வாடை அடிக்கக் கூடாது என்றுதான். அங்கே போய் இறங்கும்போதாவது பார்ப்பதற்கு ஒரு மனிதராக இருக்க வேண்டும் என்றுதான். சுத்தமாக்கப் போகிற இடத்துக்கே சுத்தம் பண்ணி அனுப்பப் பார்த்திருக்கிறாள். இதை எப்படிச் சொல்வது?

“ஒரே ஒரு வாய் குடுத்தா கை நிக்கும்மா. கையெழுத்துப் போட்டுடுவாரு. குடுக்கலாமா?”

“குடுங்கன்னு நான் சொல்ல முடியாதும்மா. வேணாம்னும் சொல்லல. வலிப்பு மாதிரி தெரிஞ்சா எதையும் பாக்காம பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. வண்டி ரெண்டரைக்கு வரும். பணம் ஏறாம ஆபீஸ்ல விட மாட்டாங்க. அது என் கையில இல்ல.”

போனை வைத்துவிட்டு அவள் தெருவைப் பார்த்தாள். மருந்துக் கடை, ஜெராக்ஸ் கடை, செருப்புக் கடை. அவருக்குத் தெரிந்த மதுக்கடை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எத்தனை தடவை பாத்ரூம் தொட்டியில் கவிழ்த்திருக்கிறாள், ஒரு தடவைகூட வாங்கினதில்லை. அவரிடமே கேட்கலாம். “எங்கங்க கிடைக்கும்?” என்று கேட்கவா எட்டு வருஷம் சண்டை போட்டாள்?

பின்னால் ஜிப் திறக்கும் சத்தம். நாத்தனார் கைப்பைக்குள் துழாவி, கைக்குட்டையில் சுற்றின எதையோ எடுத்தாள். இருமல் மருந்து பாட்டில். லேபிள் ஒழுங்காக இருந்தது. உள்ளே இருந்ததன் நிறம்தான் இருமல் மருந்தின் நிறமாக இல்லை.

“எனக்கு இருமல் கிடையாது,” என்றாள் நாத்தனார். குரலில் பேங்க்குக்குள் இருந்த மிடுக்கு இல்லை.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா அண்ணி?”

“டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிக்கிறான்டி. எங்கம்மா கடைசியில அப்படித்தான் பிடிச்சா. என்னால பாக்க முடியல. நீ என்னை என்ன வேணா திட்டு. அப்புறமாத் திட்டு.”

திட்டுவதற்கு அவளிடம் எட்டு வருஷத்துச் சரக்கு இருந்தது. அவள் கையை நீட்டினாள்.

“குடுங்க. நானே ஊத்துறேன்.”

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்தாள். எவ்வளவு என்று தெரியவில்லை. பாதி ஊற்றினாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். இந்த வாடையை எத்தனையோ தடவை கீழே சாய்த்திருக்கிறாள். நிமிர்த்திப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. அவர் மூடியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

“நீயா?”

“பேசாமக் குடிங்க.”

அவர் வாங்கினால் பாதி சிந்திவிடும் என்று அவளே வாயருகில் பிடித்தாள். நாத்தனார் தெருப் பக்கம் திரும்பி, யாரும் வராதபடி மறைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மூன்று பேரும் படியில் உட்கார்ந்தார்கள். சலவைக்கூடத்தில் துணி பிழிகிற பெரிய இயந்திரம் ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்ததும் நின்றுவிடாது. உறுமிக்கொண்டே சுற்றி, வேகம் குறைந்து, கடைசியில் இன்னும் ஒரு சுற்று, இன்னும் அரைச் சுற்று என்று இழுத்துக்கொண்டே போய்த்தான் நிற்கும். அவர் கையை அவள் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது அப்படித்தான் நின்றது. வியர்வை காய்ந்தது. முதுகு நிமிர்ந்தது. “உன் கை ஏன் இப்படிக் காய்ச்சுக் கிடக்கு?” என்றார், இன்றைக்குத்தான் பார்ப்பவர் போல. அவள் மணியைப் பார்த்தாள். ஒன்று பத்து. வாய் வாடை போக, கைப்பையில் கிராம்பு இருக்கிறது என்றாள் நாத்தனார். அதுவும் இருந்தது.

கவுண்டரில் அவர் பேனாவை விரல்களுக்கிடையில் ஒரு தடவை உருட்டினார். லேபில் கத்தியை எடுத்தால் அப்படித்தான் உருட்டுவார். ஒரே இழுப்பு. முதல் எழுத்து நிமிர்ந்தது, மற்றவை தோள் தொட்டுக்கொண்டன, கடைசிக் கோடு வில்லாக வளைந்து கீழே வந்து நின்றது. இரண்டாவது இடத்திலும் அதே மாதிரி. அதிகாரி திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அச்சு மாதிரி இருக்கு சார்!”

“லீவு முடிஞ்சு வந்துட்டான் மேடம்,” என்றார். அதிகாரி இந்தத் தடவை சிரித்துவிட்டாள். நாத்தனாரும் சிரித்தாள். அவள் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்த ஆள் அங்கே தாளில் உட்கார்ந்திருந்தான். தேடி எடுத்துக் கொடுத்தது அந்த மூடி.

பணம் ஏறியது. படுக்கை உறுதி என்று நர்ஸம்மாவிடமிருந்து செய்தி வந்தது. மாற்றுத் துணி, சோப்பு, பல் விளக்கும் பிரஷ் எல்லாம் வைத்திருந்த பையை நாத்தனார் தூக்கிக்கொண்டாள். இரண்டரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வெள்ளை வண்டி வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் இறங்கி, பக்கக் கதவை இழுத்துத் திறந்து வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றார். அவசரப்படுத்தத் தெரியாதவர் போலிருந்தார். அல்லது அவசரப்படுத்தக் கூடாது என்று தெரிந்தவர்.

“ஏறுங்க,” என்றாள் அவள்.

அவர் ஏறவில்லை. கையை வெயிலில் நீட்டிப் பார்த்தார். விரல்களை விரித்தார். நிழல்கூட அசையவில்லை. பிறகு ஹோட்டல் துண்டிலிருந்து வந்து அவள் தோளில் ஒட்டியிருந்த பஞ்சு இழை ஒன்றை, இரண்டு விரல் நுனியால், தோளைத் தொடாமல், எடுத்துக் காற்றில் விட்டார்.

“பாத்தியா? எப்படி நிக்குது பாரு,” என்றார். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. “தினம் காலைல இதே மாதிரி ஒரு மூடி, நீயே உன் கையால ஊத்திக் குடு. போதும். அதுக்கு மேல நான் கேக்கவே மாட்டேன். அப்புறம் எதுக்கு இந்த வண்டி?”