பாட்டில் இரண்டு பெயர்

தமிழ்மாறனின் பாட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவன் ஊர், குருத்தூரணி. இன்னொன்று அவன் அப்பா, நல்லகாமன்.

குருத்தூரணிக் காலனியில் யார் செத்தாலும் பிணம் மேலத்தெரு வழியாகப் போகக்கூடாது. வாய்க்காலில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போகவேண்டும். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மாதங்களில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நடப்பார்கள். நல்லகாமனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். தமிழ்மாறன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். இரண்டு வருஷம் கழித்து அதை ராப்பாக எழுதினான்.

இசை கார்த்திகேஷ் போட்டது. கல்லூரிப் பழக்கம். மதுரை விளாங்குடியில் அவன் வீட்டு மாடியறைதான் ஸ்டுடியோ. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தான். பாடிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து அவன் அம்மா சௌராஷ்டிர மொழியில் சத்தம் போடுவாள். அது ரெக்கார்டிங்கில் விழுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து பாடவேண்டும்.

இந்தப் பாட்டுக்கு டிரம் வேண்டாம் என்று கார்த்திகேஷ் சொன்னான். குருத்தூரணிக்கு வந்தான். பேண்ட்டைத் தொடை வரைக்கும் சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான். காலனி ஆட்கள் சிலரைத் தண்ணீரில் நடக்கச் சொல்லி, போனை நனையாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான். கால்கள் தண்ணீரை அறுக்கிற சத்தம்தான் பாட்டின் தாளம். அதைக் கேட்டுவிட்டு வேறொரு தாளத்தில் அந்த வரிகளைப் பாட முடியாது. தமிழ்மாறனே முயன்று பார்த்திருக்கிறான்.

பாட்டு பரவியது. சுற்றுவட்டாரக் காலனிகளில் கல்யாணத்துக்கும் போட்டார்கள், கருமாதிக்கும் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அருள்பாண்டி வந்தார். சென்னையில் ஒரு பாட்டுக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். சொந்த ஊர் மதுரைதான். சிம்மக்கல்லில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள்.

"தம்பி, எங்க முதலாளி அழுதுட்டாருடா. நெசமாத்தான். ஆனா ஊர்ப் பேரு வேணாங்கிறாரு."

"ஏண்ணே?"

"கேஸ் போடுவாய்ங்க. 'எங்க ஊரு'ன்னு வச்சுக்க. கேக்குறவன் அவனவன் ஊர நெனச்சுக்குவான்."

"எல்லா ஊர்லயும் வாய்க்கால்ல தூக்கிட்டுப் போறதில்லண்ணே."

அருள்பாண்டி சிரித்தார். ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்தார். அஞ்சு வருஷம். இதுவரை பாடியது, இனிமேல் பாடப்போவது, எல்லாம் கம்பெனிக்கு.

"அப்ப எனக்கு என்னண்ணே மிஞ்சும்?"

"நீ ஸ்டார்டா. வேற என்ன வேணும்?"

தமிழ்மாறன் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் ஒரு கல்லூரி மேடையில் அதைச் சொன்னான். எவன் கம்பெனிக்கும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றான். பாட்டுக்கு விழுந்ததைவிட அதற்கு அதிகம் கைதட்டல் விழுந்தது. சட்டம் படிக்கும் நண்பன் ஒருவன் மேடையை விட்டு இறங்கியதும் கேட்டான்.

"கம்பெனி கெடக்கட்டும். உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?"

கார்த்திகேஷ் தமிழ்மாறனின் தோளில் கை போட்டான். "எழுதி வைக்க நாங்க என்ன சம்பந்தியாடா? இவன் என் மாப்ள."

மூவரும் சிரித்தார்கள். லேப்டாப் கார்த்திகேஷுடையது என்பதால் பாட்டை ஏற்றிய சேனலும் அவன் பேரில் இருந்தது. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மாப்ள என்று கூப்பிடுகிறவனிடம் போய் எழுதிக் கொடு என்று கேட்டால், அன்றைக்கே அவன் மாப்ள இல்லை.

கார்த்திகேஷ் ஒழுங்காக ஒரு வேலையில் சேருவான் என்று அவன் வீட்டில் காத்திருந்தார்கள். பெண் பார்த்தார்கள். ஹம்சவேணி, வங்கியில் வேலை. பெண் வீட்டார் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். மாடியில் மெத்தை சாத்தி வைத்திருக்கிறான் என்று சொல்ல முடியாது.

ஒரு காலையில் பாட்டு காணாமல் போனது. சேனலில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டம் மட்டும் இருந்தது. தமிழ்மாறன் ஏதோ கோளாறு என்று நினைத்தான். மத்தியானம் பெரியப்பா மகன் முத்திருளன் ஊரிலிருந்து கூப்பிட்டான்.

"என்னடா மாறா, பாட்டத் தூக்கிட்ட?"

"நான் தூக்கலண்ணே. என்னன்னு பாக்குறேன்."

"எங்கிட்ட இருந்தத நான் ஏத்திவிட்டேன். அதையும் தூக்கிட்டாய்ங்க. உரிமைக்காரரு புகார் குடுத்திருக்காராம். உரிமைக்காரன் யாரு? நீதான?"

"அண்ணே, நான் ஏண்ணே..."

"மேலத்தெருக்காரன் எம்புட்டுக் குடுத்தான்? சும்மா சொல்லு. பங்கு கேக்க மாட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். முத்திருளன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

தமிழ்மாறன் விளாங்குடிக்குப் போனான். கார்த்திகேஷ் மெத்தைகளைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். சென்னையில் அருள்பாண்டியின் கம்பெனியே ஸ்டுடியோ கொடுக்கிறது. மாதச் சம்பளம். ஒரு கட்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினான்.

"மியூசிக் மட்டுந்தான்டா குடுத்தேன். அது நான் போட்டது. உன் வரிய எவன் தொட முடியும்? அது உன்னுது."

"அந்த மியூசிக் இல்லாம அது வரியாடா?"

"வேற போட்டுத் தாரேன் மாப்ள. இதவிட நல்லதா."

"நடந்தது எங்க ஆளுங்கடா. எங்க வாய்க்கா."

"ரெக்கார்ட் பண்ணது நான்ல?"

சொன்ன பிறகு கார்த்திகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். தமிழ்மாறன் எழுந்தான். இந்த வீட்டில் அவனுக்கு எப்போதும் காபி வரும். இன்று அதற்குள் இறங்கிவிட்டான்.

அருள்பாண்டி அவராகவே கூப்பிட்டார்.

"தம்பி, கோவப்படாமக் கேளு. அந்த மியூசிக்குல காதல் பாட்டு எழுத வேற பையன் ரெடியா இருக்கான். வாய்க்கால்ல குளிக்கிற பொண்ணு, அப்படிப் போகுது. நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா எனக்கு மனசு ஒப்பல. நீ வந்தா உன் வரியே போகும்."

"ஊர்ப் பேரு?"

"அது போனதுதான்டா. அதப் பேசாத."

தமிழ்மாறன் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. ஊருக்குப் போனான். டீக்கடை பெஞ்சில் இடம் விட்டார்கள். ஆனால் யாரும் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. அம்மா ஒச்சம்மாளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஊருப் பேரு போயிட்டுப் போகுது. இந்த ஊரு நமக்கு என்னத்தச் செஞ்சிச்சு? உங்கப்பன் பேரு இருக்கும்ல?"

அவன் அருள்பாண்டியைக் கூப்பிட்டான்.

"வாரேண்ணே. எங்கப்பா பேரு மட்டும் இருக்கணும்."

"இருக்கும்டா. அதுல எவனுக்கு என்ன நட்டம்?"

எழுதித் தருவீர்களா என்று கேட்க வாயெடுத்தான். அருள்பாண்டி முந்திக்கொண்டார். "நம்ம ஊர்க்காரன் நான் சொல்றேன். எங்கூடப் பொறந்த தம்பி மாதிரிடா நீ."

தமிழ்மாறனுக்குக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏறினான். கம்பெனி அலுவலகத்தில் கையெழுத்துப் போட நிறைய இடம் இருந்தது. விரல் வைத்துக் காட்டக் காட்டப் போட்டான். அருள்பாண்டி பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அதை உடனே எல்லோருக்கும் அனுப்பினார். அது குருத்தூரணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஸ்டுடியோ குளிர்ந்து கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவரும் அருள்பாண்டியும் உட்கார்ந்திருந்தார்கள். கார்த்திகேஷ் வரவில்லை. நிச்சயதார்த்தம் என்றார்கள். ஹெட்போனை மாட்டியதும் காதுக்குள் தண்ணீர் நடந்தது. கம்பெனி அதைக் கழுவித் துடைத்துப் பெரிதாக்கியிருந்தது. நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பாடினான். ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் எங்க ஊரு என்று பாடினான். அப்பா பெயர் வருகிற இடம் வந்தது. பாடினான். தாளம் நின்றது.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அருள்பாண்டியின் குரல் வந்தது.

"தம்பி, லீகல்ல இப்பத்தான் சொல்றாங்க. ஆள் பேரும் வேணாமாம். பேர வச்சு ஊரக் கண்டுபிடிச்சிருவாய்ங்களாம். 'எங்கப்பன்'னு வச்சுக்க."

"நீங்க சொன்னீங்கள்ல?"

"சொன்னேன்டா. நான் என்ன கம்பெனியா? நானும் சம்பளக்காரன்தான்."

"அப்ப நான் பாடல."

அருள்பாண்டி மெதுவாகச் சொன்னார். "நீ பாடலன்னா அந்தப் பையன் பாடுவான். உன் வரியவே பாடுவான். காலையில கையெழுத்துப் போட்டதுல அதுவும் இருக்கு."

தமிழ்மாறன் ஹெட்போனைக் கழற்றினான். அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. வெளியே போனால் எங்கே போவது என்று நினைத்துப் பார்த்தான். குருத்தூரணிக்கு அந்தப் போட்டோ போயிருந்தது. விளாங்குடியில் அறை இல்லை. வேறு யாரோ ஒருவன் வாயில் தன் அப்பா நடுத்தண்ணீரில் போவதைக் கேட்க வேண்டியிருக்கும்.

ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான். தாளம் தொடங்கியது. அந்த இடம் வந்ததும் எங்கப்பன் என்றான்.

"சூப்பர் பிரதர்," என்றார் ஒலிப்பதிவுக்காரர். "நல்லா உக்காந்திருச்சு. கொஞ்சம் சோகத்தக் கொறச்சு இன்னொரு தடவ போலாமா?"

"போலாம்," என்றான்.