நேர்வகுப்பு

பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது வெர்னெட்டாவின் கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. அணைக்கத்தான் எடுத்தாள். கல்லூரித் துறைத்தலைவரின் பெயர்.

"எடு. முக்கியமான ஆளா இருக்கும்," என்றாள் எர்லீன். இறந்துபோன கணவன் ராஸ்கோவின் அக்கா. தம்பி போன பிறகு வெர்னெட்டாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

கொரோனாக் காலம். அமெரிக்காவின் டோலிடோ நகரத்து அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் வெளியே கார்களில் காத்திருந்தார்கள். சபைப் பெண்கள் கோழி வறுவலும் கீரையும் அடைத்த பொட்டலங்களைக் கார் ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராஸ்கோ என்றால் இரண்டு கேட்டு வாங்கியிருப்பான்.

பல வருடங்களாக அவள் அந்தக் கல்லூரியில் பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தில் பாடம் எடுப்பவள். இந்த ஆகஸ்டில் நிரந்தரப் பேராசிரியர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே கற்பித்தார்கள். அவளை மட்டும் துறைத்தலைவர் நேரில் வரச் சொன்னார். நம் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உங்கள் முகத்தைப் பார்த்தால் ஒரு தெம்பு என்றார். துறையில் அவள் ஒருத்திதான் கறுப்பர்.

"முடியாதுன்னு சொல்லேன். எனக்குச் சக்கரை இருக்குல்ல," என்றான் ராஸ்கோ.

"ஒரு தடவை முடியாதுன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க."

"அப்ப முகத்தை மட்டும் அனுப்பி வை. நீ வீட்ல இரு."

சிரித்துவிட்டாள். அவனும் அதோடு விட்டுவிட்டான். அன்றைக்கு அவன் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

அக்டோபரில் அவள் இரண்டு நாள் இருமினாள். அவனுக்கு மூச்சே அடைத்தது. மருத்துவமனை வாசலோடு அவளை நிறுத்திவிட்டார்கள். கடைசி நாளில் செவிலி வீடியோ அழைப்பில் தொலைபேசியை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, பேசுங்கள், கேட்கும் என்றாள். மணிக்கணக்காகப் பேசிப் பிழைப்பவளுக்கு அவன் பெயரைத் தவிர எதுவும் வாயில் வரவில்லை.

மரத்தடிக்கு ஒதுங்கித் தொலைபேசியைக் காதில் வைத்தாள். துறைத்தலைவர் முதலில் ஆறுதல் சொன்னார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு தயங்கினார்.

"இப்ப கேக்கக் கூடாதுதான். அட்டவணையை இன்னைக்கே முடிக்கணும். ஜனவரியில ரெண்டு வகுப்பு இருக்கு. இந்தத் தடவை வீட்லேர்ந்தே எடுக்கலாம்."

அவள் குழியைப் பார்த்தாள்.

"எடுக்கறேன்," என்றாள், வகுப்பின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில்.

திரும்பியபோது எர்லீனின் கண்கள் முகக்கவசத்துக்கு மேலே அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. போதகர் மண்குவியலைக் காட்டினார். வலக்கையில் தொலைபேசி இருந்தது. அவள் குனிந்து இடக்கையால் மண்ணை அள்ளினாள்.