இன்ஜினுக்குத் தைத்த ஷூ

பஸ் இன்ஜினுக்கு ஷூ தைத்துப் போட்டு ஓட்டிய டிரைவர் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். பெயர் பெருமாள், இப்போது ரிட்டயர்டு. ஷூ அளவு எட்டு, லேஸ் கிடையாது. நம்பாதவர்கள் வரிசையில் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் நின்றிருக்கிறார்.

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ் என்னுடையது. ஆர்.சி. புக்கில் வேறு பெயர் இருந்தது, அது சின்ன விஷயம். தினமும் காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பேன், ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்ப்பேன், ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸைக் கட்டைவிரலால் பிசைந்து பார்ப்பேன். போர் தண்ணீரைக் கிட்டே விடமாட்டேன். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் ஒரே மாதத்தில் உள்ளே சுண்ணாம்பு அடித்துவிடும். கேன் தண்ணீர்தான் ஊற்றுவேன். என் மாமியாருக்குக்கூட அந்தத் தண்ணீர் கொடுத்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை மட்டும் ஹோஸைப் பிசையவில்லை. பிரேக் இல்லாத லாரியை ஏலகிரி மலையிலிருந்து பின்பக்கமாகவே இறக்கிய கதையை டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை முடிவதற்குள் பஸ் எடுக்க நேரமாகிவிட்டது.

மாதனூர் தாண்டியதும் ஹீட் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஓரங்கட்டினேன். எழுந்த ஆவியில் ஏலகிரி டூரிஸ்டுகள் பனி என்று நினைத்து ஸ்வெட்டர் மாட்டியிருப்பார்கள். மேல் ஹோஸ் விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது.

"இன்னா டிரைவரண்ணே, பிரியாணிக்கு தம் போட்டுட்டியா?" என்றாள் பின் சீட்டிலிருந்து ஜஹீதா. எல்லோரும் சிரித்தார்கள், சம்பூர்ணத்தைத் தவிர.

பதினோரு வருடம் லைனில் பசை தடவியவள் சம்பூர்ணம். அன்று ஒன்பது மணிக்கு அவளுக்குக் கைத்தையல் பரீட்சை. தேறினால் புது மாடல் ஷூக்களைக் கையால் தைக்கிற சாம்பிள் ரூமில் இடம். பரீட்சை எடுக்கிற நயீம் அகமது ஒன்பது அடித்தால் கதவைச் சாத்துவார். பிறகு அடுத்த வருடம்தான். ஹைவேயில் போன பஸ் ஒன்றுகூட நிற்கவில்லை.

"அண்ணே, ஹோஸ சுத்தித் தைச்சா நிக்குமா?" என்று கேட்டாள். பையிலிருந்து ஊசி, மெழுகு நூல், பரீட்சைக்கென்று வைத்திருந்த இரண்டு தோல் துண்டுகளை எடுத்தாள். நான் பளபளவென்றிருந்த கறுப்புத் தோலைத் தொட்டேன்.

"அது வாணாண்ணே" என்று மற்ற துண்டை நீட்டினாள். "இது மரப்பட்டைத் தண்ணியில ஊற வெச்சிப் பதம் பண்ண லைனிங் தோலு. சுடுதண்ணி பட்டா சுருங்கி இறுக்கிப் புடிச்சிக்கும். லைன்ல இதுக்குத்தான் எத்தினி திட்டு வாங்கிருக்கிறேன்!"

"உனக்குப் பரீட்சைக்கு?"

"மொதல்ல போய்ச் சேரணும் இல்ல?"

ஹோஸ் ஆறும்வரை காத்திருந்தோம். தோலை நனைத்துப் பிளவைச் சுற்றி இழுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தாள். நாற்பத்து மூன்று பெண்களும் தங்கள் தண்ணீர் பாட்டில்களை ரேடியேட்டரில் கவிழ்த்தார்கள். மத்தியானம் வரை தாகத்தோடு இருக்கப்போகிறவர்கள், ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. அழுத்தம் ஏறாதபடி ரேடியேட்டர் மூடியைத் தளர விட்டு, மாட்டு வண்டி முந்துகிற வேகத்தில் ஓட்டினேன். முதலில் சொட்டியது. இன்ஜின் சூடேறச் சூடேற அதுவும் நின்றுபோனது.

சேர்ந்தபோது ஒன்பது இருபது. கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"ஹோஸ் வெடிச்சிடுச்சி பாய். இந்தப் பொண்ணு இன்ஜினுக்கு ஷூ தைச்சிப் போட்டு இட்டாந்துச்சி."

நயீம் அகமது கண்ணாடியைக் கழற்றினார். "பெருமாளு, போன வாரம் எரும மாடு உன் பஸ்ஸுக்கு சலாம் வெச்சிதுன்ன. இன்னிக்கி இன்ஜினுக்கு ஷூவா? பேஜார் பண்ணாத, போ."

சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். ஹோஸைப் பிசையாமல் விட்டவன் நான், பொய்யாய்ச் சொல்லித் திரிந்தவனும் நான். பலன் அவள் தலையில். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

"பாய், இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்தான். அந்த எரும திரும்பிக்கூடப் பாக்கல. இத மட்டும் வந்து பாருங்க."

ஐம்பது வருடப் புளுகை ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டதாலோ என்னவோ, வந்தார்.

பானட்டுக்குள் குனிந்தார். தோலை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். அசையவில்லை. சூட்டில் சுருங்கி ஹோஸின் சதைபோலவே ஒட்டியிருந்தது. தையலை விரலால் எண்ணினார். அங்குலத்துக்கு எட்டு, ஒன்றுகூடக் கோணல் இல்லை. இரண்டாவது தடவையும் எண்ணினார்.

இன்று அந்த சாம்பிள் ரூமில் சம்பூர்ணம் நாலு பேருக்குத் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். நல்ல ஷூ போட்டவர் எவர் எதிரே வந்தாலும் நான் அவர் காலைப் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். அவர் தனக்கென்று நினைத்துக்கொள்கிறார்.

அன்று நிமிர்ந்த நயீம் அகமது சம்பூர்ணத்திடம், "உள்ள வாம்மா. உன் பரீட்சைய நான் பாத்துட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பல் பிடுங்கிக்கொண்டவர்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"நெஜந்தான்யா. நடந்துருக்குது."