சிக்னல் போனால் வண்டி என்ன செய்யும்?

காவ்யாவின் கையில் பொம்மைக் காரின் ரிமோட் இருந்தது. வண்டிதான் அவள் பிடியில் இல்லை. விசையை விட்டுப் பார்த்தாள், இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். எதற்கும் மசியாமல் அது களத்தின் குறுக்கே பறந்தது. அந்தக் கோடியில் அவள் அம்மா மீனம்மாள் முதுகைக் காட்டி நின்று, காயப்போட்ட கடலையைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! தள்ளிப் போம்மா!"

மீனம்மாளுக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். திரும்பவில்லை.

இரண்டு கிலோ எடையுள்ள அந்தக் கார் கெண்டைக்காலில் மோதியது. மீனம்மாள் கடலை மேலேயே மல்லாந்து விழுந்தாள். கவிழ்ந்து கிடந்த வண்டியின் சக்கரங்கள் அப்போதும் வெறிபிடித்தாற்போல் சுற்றின. காவ்யா ஓடிவந்து பேட்டரி வயரைப் பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்தன.

எலும்பு முறியவில்லை. ஆலங்குடி ஆஸ்பத்திரியில் நான்கு தையல் போட்டார்கள். எப்படிப் பட்டது என்று கேட்ட நர்ஸிடம், "நாய் முட்டிருச்சு தாயி" என்று மகளைப் பார்க்காமலே சொன்னாள் மீனம்மாள். ஆனால் காவ்யா பார்த்திருந்தாள்: விழுந்த தலைக்கு ஒரு சாண் தள்ளிக் கல் உருளை கிடந்தது. அந்த ஒரு சாண் அவளைத் தூங்கவிடவில்லை. அவள் உதவியாளராக வேலை பார்த்த பாலிடெக்னிக் லேபில், மாணவர்களுக்கு மீட்டர் எடுத்துக் கொடுக்கும்போதுகூட அதுவே கண்முன் நின்றது.

அறந்தாங்கியில் உடையப்பன் என்பவரிடம் அவள் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ரிமோட் கார் அது. அவர் மகன் குவைத்திலிருந்து கொண்டுவந்து பல வருடம் பரணில் கிடந்தது. இப்போது அவள் வீட்டில் சாக்குக்குள் கிடந்தது. சாக்கை அவிழ்க்கவே பயம். தூக்கிப் போட்டுவிடலாம்தான். போட்டுவிட்டால் அன்றைக்குத் தப்பு வண்டியிலா தன் கையிலா என்பது தெரியாமலே போய்விடும். அது அதைவிடப் பயமாக இருந்தது.

மீனம்மாளுக்கோ பயமே இல்லை. தையல் பிரித்த அன்றைக்கே, "எங்கடி அந்தச் சனியன்? நானும் ஒருதரம் ஓட்டிப் பாக்குறேன்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை காவ்யா சாக்கோடு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்டுக்குப் பாகங்கள் விற்கும் ஒரு மாடிக்கடை. கடைக்காரர் அய்யப்பன் வண்டியின் மூடியைக் கழற்றிவிட்டு உச்சுக்கொட்டினார்.

"மோட்டாரு நல்லாருக்கு. மத்ததெல்லாம் பழசு. இந்த ரிமோட்டுல பக்கத்துல வேற மோட்டாரு ஓடினாலே சிக்னல் கலங்கிரும். வேகத்தக் கூட்டிக் கொறைக்கிறது இந்தத் தகடு. துருவேறி ஒட்டிக்கிச்சுன்னா நீங்க விசைய விட்டாலும் விடாது."

"அன்னைக்குப் போனது எது? ரிமோட்டா, தகடா?"

"அத இப்ப எப்படிங்க சொல்றது? ரெண்டும் செஞ்சிருக்கும்."

அவர் இரண்டு புது ரிமோட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று திரையோடு இருந்தது. மற்றது கறுப்பு, திரை கிடையாது.

"சிக்னல் போனா வண்டி என்ன செய்யும்?" என்று கேட்டாள் காவ்யா.

"போகாதுங்க. இருநூறு அடி தாராளமா…"

"போனா, அண்ணே?"

அய்யப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பளபளப்பானதை மெல்ல உள்ளே வைத்தார். "அப்ப கறுப்பை எடுங்க. சிக்னல் போனா பிரேக் போடுன்னு இதுல நாமளே சொல்லி வைக்கலாம். தகட்டையும் கழட்டிட்டு எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் போடுங்க. ஒண்ணை மட்டும் மாத்திட்டு நிம்மதியா இருக்க முடியாது."

பேட்டரியிலும் அவள் பிடிவாதமாக இருந்தாள். லேசான லித்தியம் வேகம் தரும், அடிபட்டால் தீப்பிடிக்கும் என்று தெரியும். கனமான பழைய ரகத்தையே கேட்டு வாங்கினாள்.

மறுநாள் எல்லாவற்றையும் பொருத்தி, சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தாள். விசையைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அணைத்தாள்.

சக்கரங்கள் நிற்கவில்லை.

அதே இரைச்சல். செங்கல்லிலிருந்து வண்டி நழுவப் பார்க்க, பாய்ந்து வயரைப் பிடுங்கினாள். பிறகு அய்யப்பனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லி வச்சீங்களா?" என்றார் அவர். "சொல்லலேன்னா கடைசியா இருந்த வேகத்துலயே போகும். விசைய பிரேக் பக்கம் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, வண்டிக்குள்ள சிக்னல் வாங்குற ரிசீவர்ல இருக்க பட்டன அமுக்குங்க."

அமுக்கினாள். மறுபடி அணைத்தாள். சக்கரங்கள் படக்கென்று நின்றன. நம்பவில்லை. இருபது தடவை அணைத்துப் பார்த்தாள். இருபது தடவையும் நின்றன.

சாயங்காலம் அம்மாவும் மகளும் வறண்ட கண்மாய்க்குள் இறங்கினார்கள். காவ்யா ஓட்டினாள், அணைத்தாள். வண்டி புழுதியில் கோடு கிழித்து நின்றது.

"எங்கிட்டக் குடுடி" என்று மீனம்மாள் ரிமோட்டைப் பறித்துக்கொண்டாள்.

முதலில் தத்தித் தத்தி ஓட்டினாள். பிறகு ருசி கண்டு முழுக்க அழுத்தினாள். வண்டி கரையோரப் பாதையைப் பார்த்துச் சீறியது. சரியாக அந்த நேரம் கரை இறக்கத்தில், கேரியரில் புல்லுக்கட்டோடு அதே ஊர்க்காரி செவந்தி மொபெட்டில் வந்துகொண்டிருந்தாள்.

"விசைய விடும்மா!"

மீனம்மாளுக்குக் கேட்கவில்லை. மொபெட்டைக் கண்டு உறைந்துபோனாள். பயத்தில் விரல் விசையை இன்னும் இறுக்கியது. செவந்தி ஹாண்டிலைத் திருப்பத் தடுமாறினாள். காவ்யா தாவி, அம்மாவின் விரலோடு மல்லுக்கட்டாமல், ரிமோட்டின் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

அரை நொடி ஒன்றும் நடக்கவில்லை.

வண்டி பின்பக்கம் தூக்கி, குட்டிக்கரணம் அடித்து, பாதைக்கு நான்கு முழம் இப்பால் விழுந்தது. சக்கரங்கள் அசையவில்லை.

"கூறு கெட்டவளுகளா! பொம்மைய வச்சு ஆளக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று காலூன்றிக் கத்தினாள் செவந்தி. திட்டிக்கொண்டேதான் ஊர்ப்பக்கம் போனாள்.

காவ்யா புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மீனம்மாள் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் உதடும் வெளுத்திருந்தது.

"நான் விடவே இல்லையேடி. எப்படி நின்னுச்சு?"

"அது அப்படித்தாம்மா நிக்கும்."

மீனம்மாள் ரிமோட்டை மகள் மடியில் வைத்தாள். "நீயே வச்சுக்க. அன்னைக்கு ஒனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான்டி தெரியுது."

காவ்யா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வண்டியை எடுத்து வர நடந்தாள்.