பார்க்காமல் சொன்னது

பந்தல் கயிற்றை மூன்றாவது தடவையாக இழுத்து வேப்பமரத்தில் சுற்றினார் பழனிச்சாமி. காற்று தார்ப்பாயை உப்பவைத்து ஓர் உதறு உதறியது. கயிறு அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு நழுவியது.

"செத்த மனுசனக்கூட நிம்மதியா படுக்க உடுதா பாரு," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். "மச்சான் இருந்திருந்தா எந்தப் பக்கம் கட்டோணும்னு சொல்லியிருப்பாரு."

வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள் நாச்சிமுத்துவை. தலைமாட்டில் மோனிஷாவின் அம்மா. கால்மாட்டில் மகள் மோனிஷா. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"நெஞ்சுல ஆபரேசன் பண்ணுன மனுசன். மார்கழிப் பனியில, விடியறதுக்குள்ள, ஆத்துக்கு எதுக்குங்க போனாரு?"

"தெரியலீங்க. நான் எந்திரிச்சப்ப கட்டில்ல ஆளக் காணோமுங்க."

மோனிஷாவுக்குத் தெரியும்.

நாச்சிமுத்து ஆற்றோர நீரேற்று நிலையத்தில் முப்பது வருஷம் மோட்டார் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஆட்கள் கயாக் படகு ஓட்ட அங்கே வருகிறார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து டிஜோ தன் பிக்கப் வண்டியில் படகுகளைக் கொண்டு வருவான். ஆனால் நாச்சிமுத்துவின் குரல் வாட்ஸ்அப் குழுவில் வராமல் ஒருவரும் தண்ணீரில் துடுப்பைப் போடுவதில்லை.

காரணம் காற்றுதான். வேறு இடத்தில் காற்று வீசினால் அலை எழும்; பார்த்ததும் பயம் வரும். இங்கே மார்கழியில் கிழக்குக் காற்று, ஆறு ஓடுகிற திசையிலேயே வீசும். தண்ணீர் தட்டையாகத் தெரியும். போவது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் எத்தனை துடுப்புப் போட்டாலும் படகு நகராது. தடுப்பணையின் விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய்விடும். ஊருக்குள் இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது. கரையில் நின்று பார்க்க வேண்டும்.

ஐப்பசியில் ஆபரேஷன் ஆனபிறகு, ஞாயிறு காலை ஐந்து மணிக்கு மோனிஷா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி அதைப் போனில் பேசி அனுப்புவார்.

இன்று அவள் போகவில்லை. அவள் வேலை பார்க்கும் பொள்ளாச்சிக் கண்ணாடிக் கடையில் வருஷக் கடைசி வியாபாரக் கூட்டம். நேற்று கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியவளுக்குக் கால் இரண்டும் கடுத்தன. அலாரம் அடித்ததும் தன் போனில் வானிலையைப் பார்த்தாள். பாலக்காட்டில் மெல்லிய காற்று என்றது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் சார்ஜில் கிடந்த அவர் போனை எடுத்து, 'காத்து இல்லை. இறங்கலாம்' என்று டைப் செய்து போட்டுவிட்டு மறுபடி போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.

அரைமணி நேரம் கழித்து அவர் விழித்திருக்க வேண்டும். அதைப் படித்திருக்க வேண்டும். மகளை எழுப்பவில்லை. ஐந்து நாற்பதுக்கு ஆற்றங்கரையிலிருந்து அவர் குரல் குழுவுக்குப் போயிருக்கிறது. ஆறு மணிக்கு வந்த டிஜோ, மோட்டார் ரூம் படிக்கட்டில் சாய்ந்து கிடந்தவரைத் தூக்கி வண்டியில் போட்டான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே உயிர் இல்லை.

வாசலில் சலசலப்பு. டிஜோ ரோஜா மாலையோடு நின்றிருந்தான். காலையில் உடுத்திய அதே அரைக்கால் சட்டை, முழங்காலில் மண்.

"நில்லு தம்பி. அங்கியே நில்லு." பழனிச்சாமி கயிற்றை விட்டுவிட்டு வந்தார். "மாலையக் குடு. நீ உள்ள வர வேண்டாம்."

டிஜோ மாலையைக் கொடுத்தான்.

"சீக்காளி மனுசன வாரவாரம் ஆத்தங்கரைக்கு இழுத்தது ஆரு? உங்களுக்கெல்லாம் அது வெளையாட்டு. எங்கக்கா தாலியில்ல போச்சு."

"காத்து பாக்க ஒரு ஆளு, அதக் கேக்க ஒரு குரூப்பு," என்றார் நாற்காலியிலிருந்த ஒருவர். "நாமெல்லாம் வெரல நனைச்சுத் தூக்கிப் பாத்துட்டுப் போயிட்டே இருப்போம்."

டிஜோ பெஞ்சைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ரோட்டுக்குப் போய் வண்டியோரம் நின்றுகொண்டான். மோனிஷா முகம் கழுவப் போகிறவள்போல எழுந்து, பக்கவாட்டுச் சந்து வழியாக அவனிடம் போனாள்.

"மாமன் அவ்வளவு பேசறாங்க. நீ கூப்பிடவே இல்லைன்னு ஏன் சொல்லல?"

"சொல்லிட்டு எந்து பிரயோஜனம்?" அவன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். எட்டுப் படகுகளும் கட்டியபடியே இருந்தன. "சேட்டன் ஒரு நாளும் டைப் செய்யாது. பேசித்தான் அனுப்பும். காலையில அந்த மெசேஜ் கண்டப்பவே எனக்கு மனசிலாயி."

அவள் தலை குனிந்தாள்.

"நான்தான் போட்டதுன்னு தெரியுமா?"

"தெரியும். நீ பாக்காம போட்டதும் தெரியும். வேலந்தாவளத்துலயே காத்து வண்டிய ஆட்டிச்சு. அப்பவே எல்லாருக்கும் விளிச்சு, இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். சேட்டனுக்கு மட்டும் விளிக்கல. உறங்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் ஆத்தங்கரைல இருந்து அவர் குரல் குரூப்புல வந்துச்சு, உடனே வண்டிய அங்க விட்டேன்." அவன் ஒரு படகின் கயிற்றை இறுக்கினான். "ஒரு போன் செஞ்சிருந்தா அவர் கட்டில விட்டு எறங்கியிருக்க மாட்டார். அதான் மாமன் சொன்னப்ப மிண்டாம நின்னேன்."

யாருமே இறங்குவதாக இல்லாத ஆற்றைப் பார்க்கத்தான் அப்பா போயிருக்கிறார். மோனிஷா வண்டியின் இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் திரும்பி நடந்தாள்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதருகே குனிந்தாள்.

"அம்மா. காலையில மொதல் சேதி அப்பா போடல. நான் போட்டேன். ஆத்துக்குப் போகாம, படுத்துட்டே போட்டேன். அதைத் திருத்தத்தான் அப்பா போனாரு. டிஜோ கூப்பிடவே இல்ல."

மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மகள் பக்கம் திரும்பவில்லை.

"போன் எங்க?"

மோனிஷா இடுப்பிலிருந்து அப்பாவின் போனை எடுத்துக் கொடுத்தாள். அம்மாவுக்கு அதை இயக்கத் தெரியாது. மகளே அழுத்தினாள். அம்மா காதோடு ஒட்டவைத்துக்கொண்டாள். காற்றின் இரைச்சலுக்கு நடுவே, மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் குரல் வந்தது.

"வணக்கமுங்க, நாச்சிமுத்து பேசறனுங்க. மொதல்ல வந்த சேதி தப்புங்க. நாந்தான் பாக்காம போட்டுப்போட்டனுங்க. கெழக்குக் காத்து நல்லா இருக்குது. தண்ணி பாக்க அமைதியாத்தான் தெரியும், நம்பாதீங்க. இன்னைக்கு ஆரும் எறங்க வேண்டாமுங்க."

"இன்னொருக்கா போடு," என்றாள் அம்மா.

இரண்டாம் முறை கேட்டு முடித்தபின் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கரண்ட் வந்துருச்சுன்னு நான் சொன்னாக்கூட நம்ப மாட்டாரு," என்றாள் யாரிடமும் இல்லாமல். "எந்திரிச்சுப் போயி லைட்டப் பாத்துட்டு வந்துதான் மோட்டார் சுச்சுமேல கை வைப்பாரு. பாக்காம போட்டாராமா."

பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"பழனி. வெளிய நிக்கற பையன வரச் சொல்லு. தோள் குடுக்கட்டும்."

"அக்கா, அவனாலதான..."

"அவனால இல்ல."

"பின்ன ஆரால?"

மோனிஷா வாயைத் திறந்தாள். அம்மாவின் கை அவள் முழங்கால்மேல் அழுந்தியது. நகம் பதிகிற அழுத்தம். அது தடுக்கிற கையா, தண்டிக்கிற கையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கூப்புடுன்னு சொன்னனல்ல," என்றாள் அம்மா.

பழனிச்சாமி அக்காவையும் மோனிஷாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரோட்டுப் பக்கம் நடந்தார். டிஜோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் மற்ற ஆண்களோடு நின்றான்.

நாலு மணிக்கு வாய்க்கரிசி போட அழைத்தார்கள். பங்காளிகள் போட்டார்கள், பிறகு பெண்கள். அம்மா போட்டாள். அடுத்து மோனிஷா. தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளிக்கொண்டு அப்பாவின் முகத்தருகே குனிந்தபோது கிழக்கிலிருந்து ஒரு வீச்சு வந்தது. விரலிடுக்கில் இருந்த அரிசியெல்லாம் மாலைமேலும் தரையிலும் சிதறியது. கையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

அம்மா தட்டை நீட்டினாள். மோனிஷா மறுபடி அள்ளினாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, மகளின் கையைச் சுற்றி, அரிசி பறக்காமல் மூடிக்கொண்டாள். அப்பாவின் உதடு வரைக்கும் அப்படியே கொண்டுபோனாள்.