ஆந்தைத் தளபதியின் வலது இறக்கை

டிப்போவில் அவருக்கு மெத்தை என்று பெயர். அவர் ஓட்டுகிற பஸ்ஸில் நின்றபடியே தூங்கலாம், பிரேக் போட்டதே தெரியாது என்று யாரோ ஒரு கண்டக்டர் சொல்லப்போக ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டிலும் ஆள் அப்படித்தான். குரல் உயராது, கதவு அறைபடாது. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் தானே எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொள்வார்.

அவருடைய மனைவிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. அங்கே யாரும் சந்தோஷமாக வருவதில்லை. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவளுடைய மேசையைத் தட்டுவார்கள். அவளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வெண்ணெய் தடவிய குரலில், "கொஞ்சம் உக்காருங்க, இப்ப கூப்பிட்டுடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். யாரும் உட்கார மாட்டார்கள்.

அவளுக்கு ஒரு படத்தின் மேல் பைத்தியம். பல வருஷத்துக்கு முன்னால் வந்த படம். அதில் ஆந்தைகளின் படைக்கு ஒரு பெண் தளபதி வருவாள். தோளிலிருந்து தரை வரை இறக்கை. அவள் இரண்டு கையையும் உயர்த்தினால் திரை முழுக்க இருட்டிவிடும். மனைவி இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கேட்டால், அவளே சிரித்து மழுப்புவாள். மெத்தை ஒவ்வொரு தடவையும் அவளோடு உட்காருவார். ஆந்தைகள் வருவதற்கு முன்பே தூங்கிவிடுவார்.

அந்தப் படத்தை ஊரிலிருக்கும் பழைய தியேட்டர் ஒன்றில் மறுபடி போடப்போகிறார்கள், பிடித்த பாத்திரத்தின் வேஷத்தில் வரலாம், மேடையில் ஏற்றுவார்கள் என்று சேதி வந்தது. அன்றிலிருந்து மனைவியின் கால் தரையில் படவில்லை.

"ரெடிமேடா கிடைக்கும்ல, வாங்கிக்கோயேன்" என்றார் மெத்தை.

"கிடைக்கும். தலையணை உறைய ரெண்டு பக்கமும் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். நானே தைக்கிறேன்."

இறகுக்கு என்ன துணி என்று யோசித்தவளுக்கு, வழி காட்டியது மெத்தைதான். பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களில் பாதி குடை. யாரும் தேடி வராத குடைகளும், கம்பி ஒடிந்த குடைகளும் டிப்போவின் பின்னறையில் மலையாகக் கிடக்கும். அவ்வப்போது குப்பைக்குப் போகும். அந்த அறைக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போய் நின்றார்.

"உடைஞ்ச குடைய வச்சு என்னய்யா பண்ணப்போற?"

"இறக்கை சார்."

"யாருக்கு?"

"வீட்டுல."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்துட்டுப் போ. பறந்து போயிட்டாங்கன்னா இங்க வந்து அழக்கூடாது."

கறுப்பு, சாம்பல், காப்பித்தூள் நிறம் என்று மூட்டை மூட்டையாகக் குடைத்துணி வீட்டுக்கு வந்தது. மனைவி அதையெல்லாம் கழுவிக் காயப்போட்டு, இலை வடிவத்தில் வெட்டி, ஓரம் பிரியாமல் மெழுகுவத்தியில் லேசாகக் காட்டி, பெட்டியில் அடுக்கிவைத்தாள். கீழ்த்தளத்தில் குடியிருந்த அவளுடைய தங்கையிடமிருந்து தையல் மெஷினும் மேலே வந்தது. இடது இறக்கை ஜம்மென்று முடிந்தது. அப்புறம் ஒருநாள் பீரோ மேலிருந்த இறகுப் பெட்டியை எடுக்க ஸ்டூல் மேல் ஏறினாள். பெட்டி அவள் கையைவிட்டுப் போய் இறகுகள் அறை முழுக்கப் பறந்தன. பின்னாலேயே அவளும் இறங்கினாள், ஆனால் பறக்கவில்லை.

வலது மணிக்கட்டில் விரிசல். முழங்கை வரை மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவள் இடது இறக்கையை எடுத்து மடித்து மெஷின் மேல் வைத்தாள். யாரோ ஊரைவிட்டுப் போகும்போது துணி மடிப்பதுபோல் மடித்தாள்.

"அந்த மெஷினை எப்படி ஓட்டுறதுன்னு சொல்லு" என்றார் மெத்தை.

"யாரு, நீங்களா?"

"ஆறு சக்கரத்தையே ஓட்டுறேன். இதுல ஒரே ஒரு சக்கரம்தானே இருக்கு."

அந்த ஒரு சக்கரம் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. கரண்டில் ஓடுகிற மெஷின். மிதியில் காலை வைத்ததும் ஊசி துப்பாக்கிபோல் சுட ஆரம்பித்தது. துணி இழுத்துக்கொண்டு ஓட, பின்னாலேயே அவருடைய சட்டைக் கையும் போய்ச் சேர்ந்துகொண்டது. மனைவி ஓடிவந்து சுவிட்சை அணைத்தபோது மெத்தை இறக்கையோடு இறக்கையாகத் தைக்கப்பட்டுக் கிடந்தார்.

"பஸ்ஸ எப்படி ஓட்டுவீங்களோ அப்படி ஓட்டுங்களேன்!"

"பஸ்ல ஸ்டியரிங் இருக்கும்மா."

"துணிதான் ஸ்டியரிங். கைய வச்சு மெதுவாத் திருப்புங்க. கால அழுத்தாதீங்க. வண்டியில பிள்ளத்தாச்சி ஒருத்தி ஏறியிருக்கான்னு நெனச்சுக்கோங்க."

அது அவருக்குப் புரிந்தது. கால் பக்குவத்துக்கு வந்தது. ஊசி தட்… தட்… தட் என்று நடைபோட ஆரம்பித்தது. தங்கை கீழேயிருந்து வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "மாமா, இந்த வேகத்துல போனா அடுத்த ஸ்டாப்பு எப்ப வரும்?" என்று கேட்டுச் சிரித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொன்னார்.

தனக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாளில், வேலைக்குப் போயிருந்த மனைவி வருவதற்குள் முடித்துக் காட்டவேண்டும் என்று மும்முரமாக உட்கார்ந்து, வலது இறக்கை முழுவதையும் முடித்தார். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, பக்கத்தில் மார்பில் கை கட்டி நின்றார். மனைவி உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"எப்படி?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மெதுவாக. "ஆனா இது இறக்கையா, காத்துல கூரை பிஞ்சுபோன கொட்டகையா?"

அப்போதுதான் அவரும் பார்த்தார். இடது இறக்கையில் இறகுகளெல்லாம் ஒழுங்காகக் கீழ்நோக்கிப் படிந்திருந்தன. வலது பக்கத்தில் அத்தனையும் வானத்தைப் பார்த்துச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. தோளிலிருந்து தைத்துக்கொண்டே இறங்கியதில், கீழ் வரிசை ஒவ்வொன்றும் மேல் வரிசையின் நுனியைத் தூக்கிவிட்டிருந்தது. ஓடு வேய்கிறவன் கீழேயிருந்துதான் ஆரம்பிப்பான் என்பது அவருக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோயிருந்தது.

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, மாவுக்கட்டால் துடைக்கப்போய் மூக்கில் இடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். அவர் துணியை இழுத்துப் பிடிக்க, அவள் இடது கையால் பிளேடு வைத்து நூலை அறுத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் மெத்தை. "படத்துல எவ்வளவோ பேர் வர்றாங்க. ராணி வர்றா, இளவரசி வர்றா. உனக்கு ஏன் இந்த ஆந்தைக்காரியப் புடிச்சுது?"

இரண்டு இறகு பிரிந்த பிறகு அவள் சொன்னாள். "படம் முழுக்க அவ ஒரே ஒரு தடவதான் வாயத் தொறப்பா. 'இருட்டு என்னோடது'ன்னு சொல்லுவா. அவ்வளவுதான். மொத்தப் படையும் அப்படியே மண்டி போட்டுடும். நான் நாள் முழுக்க வாயத் தொறந்துக்கிட்டே இருக்கேன். ஒருத்தர் காதுலயும் ஏறல."

"என் காதுல ஏறுதே. நான் நடுங்குறேனே" என்றார்.

"நீங்க ஒரு ஆளு பத்தாது."

அவர் மறுபடி கேலி பேச வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த இறகை இழுத்துப் பிடித்தார். இந்த முறை கீழேயிருந்து தைத்தார்.

இறக்கை முடிந்தது. இன்னொரு சிக்கல் இருந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையை அவளால் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஓர் இறக்கை மட்டும் விரிந்தால் ஆந்தை பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவது போல் இருக்கும் என்றாள் தங்கை. குடைக்கம்பியை வைத்து, கயிற்றை இழுத்தால் இறக்கை தானாக விரியும்படி மெத்தை ஏதோ செய்துபார்த்தார். விரிந்த வேகத்தில் மேசை மேலிருந்த தண்ணீர் ஜாடி ஜன்னல் பக்கம் போய்விட்டது.

"வேணாங்க. தியேட்டர்ல யாருக்காவது பல்லு போச்சுன்னா, திங்கக்கிழமை என் மேசைக்குத்தான் வந்து நிப்பாங்க" என்றாள் மனைவி.

கடைசியில் வழி ஒன்றுதான் இருந்தது. வலது இறக்கையின் நுனியில் ஒரு குடைக்கம்பைக் கோத்து, அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று தூக்கவேண்டும். மெத்தை கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த குடைத்துணியில் தலைக்கு முக்காடு தைத்துக்கொண்டார். கண்ணுக்கு மட்டும் ஓட்டை.

"நான் யாரு இப்ப?" என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்டார்.

"தளபதியோட நிழல்" என்றாள்.

மத்தியானக் காட்சி. தியேட்டர் வாசலில் கூட்டம் நெரிந்தது. உள்ளே நுழைந்ததுமே மனைவியின் நடை தளர்ந்தது. அங்கே ஏற்கெனவே மூன்று ஆந்தைத் தளபதிகள் நின்றுகொண்டிருந்தார்கள். மூவரும் இளம்பெண்கள். கடையில் வாங்கிய உடை, பளபளவென்று மின்னியது. ஒருத்தியின் இறக்கைக்குள் விளக்குக்கூட எரிந்தது.

"வீட்டுக்குப் போயிடலாமா?" என்றாள் மெல்ல.

"போகலாம். ஆனா இந்த முக்காட்டுல எனக்குப் பின்னால எதுவும் தெரியாது. முன்னாலதான் போகமுடியும்" என்றார் நிழல்.

மூன்று தளபதிகளும் முதலில் மேடை ஏறினார்கள். கூட்டம் கை தட்டியது, விசிலடித்தது. மனைவியின் முறை வருவதற்குள் கூட்டம் பொறுமையிழந்திருந்தது. படம் எப்போது போடுவார்கள் என்று கத்தினார்கள். பாதிப் பேர் எழுந்து நின்று தின்பண்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி நடத்துகிற பையன் அவள் கையில் மைக்கைக் கொடுத்து, "தளபதி என்ன சொல்லப்போறாங்கன்னு கேப்போம்!" என்றான். கேட்க யாருமில்லை.

அவள் இடது கையில் மைக்கோடு நின்றாள். எத்தனையோ தடவை கண்ணாடி முன் சொல்லிப்பார்த்த ஒரே வரி. நாக்குக்கு வரவில்லை. எதிரே தலைகள், சத்தம், நடமாட்டம். பார்த்த காட்சிதான். அவள் தன் மேசையிலிருந்து தினமும் பார்க்கும் காட்சி. முதுகு நிமிர்ந்தது. இடது இறக்கை மைக்கோடு மேலே போனது. அதே நொடியில், பிள்ளத்தாச்சி ஏறிய பஸ்ஸைக் கிளப்புகிற பதத்தில், நிழல் வலது இறக்கையைத் தூக்கியது. இறகுகள் ஒவ்வொன்றாகக் கீழேயிருந்து பிரிந்து விரிந்தன. மேடை விளக்கு மறைந்து முன்வரிசை இருண்டது.

முழங்கையை இறக்காமல் மைக்கை வாயருகே கொண்டுவந்து, அடிவயிற்றிலிருந்து வந்த குரலில், தளபதி சொன்னாள்:

"கொஞ்சம் உக்காருங்க."

தியேட்டர் உட்கார்ந்தது. தின்பண்டத்தோடு நடையில் நின்றவன் பக்கத்திலிருந்தவர் மடியிலேயே உட்கார்ந்தான். நிகழ்ச்சிப் பையனும் நாற்காலி இல்லாமல் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். பால்கனியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது: "ஐயோ, இது நம்ம பல் ஆஸ்பத்திரி அக்கா!"

அப்புறம் எழுந்த சிரிப்பிலும் கைதட்டலிலும் தியேட்டர் அதிர்ந்தது. மனைவி என்ன சொன்னோம் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் இறக்கையை இறக்கவில்லை. பின்னால் நிழலின் கை வலித்தது. அவரும் இறக்கவில்லை.

பரிசு, டிராகன் வேஷத்தில் வந்து மேடையிலேயே தூங்கிப்போன ஒரு குழந்தைக்குப் போனது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. கீழே இறங்கியதும் அந்த மூன்று இளம் தளபதிகளும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இறகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"என்ன துணிக்கா இது? யாரு தைச்சாங்க?"

"இடது பக்கம் நான். வலது பக்கம் அவரு" என்றாள்.

நிழல் முக்காட்டைக் கழற்றியது. வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "இறகு கீழேயிருந்து தைக்கணும்" என்றார் கண்டிப்பாக. "நெறைய பேருக்கு அது தெரியாது."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

படம் முடிந்து வெளியே வந்தபோது நல்ல வெயில். இறக்கையை மடிக்க மனமில்லாமல் அப்படியே பஸ் ஏறினார்கள். இரண்டு சீட்டை அடைத்தது போக, இறக்கையின் மிச்சம் நடைபாதையில் வழிந்தது. மெத்தைக்குத் தெரிந்த கண்டக்டர்தான். வந்து நின்றான், இறக்கையைப் பார்த்தான், தளபதியைப் பார்த்தான்.

"இவ்வளவு பெரிய இறக்கைய வச்சுக்கிட்டு எதுக்கு அண்ணி பஸ் ஏறுறீங்க?"

அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டி ஒரு மரத்தைப் பார்த்தாள்.

"காத்து சரியில்ல" என்றாள்.