பாபின் கேட்ட கடைசிக் கேள்வி

சட்டைக் கை குட்டையாகிப்போன அன்றுதான் எல்லாம் தொடங்கியது. ஒரு மருத்துவமனையின் வார்டு ஊழியர்களுக்குச் சீருடை தைக்கும் வேலை தையல்காரிக்கு வந்திருந்தது. துணி வெட்டுவதற்கான அளவுப் படத்தை, அதாவது பேட்டர்னை, கணினியில் வரைந்து, தாள் தாளாக அச்செடுத்து, ஒட்டி, துணிமேல் விரித்து வெட்டுவது அவள் வழக்கம். அன்றைக்கு வெட்டிய கைகள் அத்தனையும் மணிக்கட்டு வரை வராமல் பாதியிலேயே நின்றுவிட்டன. கணினித் திரையில் சரியாக இருந்த அளவு பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போது சுருங்கியிருந்தது. நல்ல துணி பாழாகப் போயிற்று.

வெட்டிய சட்டைக் கை ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கணவன் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“ஏங்க, பிரிண்ட் எடுத்தா அளவு சின்னதா வருது. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்.”

“செட்டிங்ஸ்ல இருக்கும், பாரு.”

“எந்த செட்டிங்ஸ்?”

“இதுகூடவா தெரியாது? தேடிப் பாரு. இங்க ஒருத்தருக்குப் பதில் சொல்லிட்டிருக்கேன்.”

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் பிடித்திருந்த அந்த அரைக் கையைக் கண்டு சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பாவது மிஞ்சியிருக்கும்.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. குடிதண்ணீர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவனுடைய சம்பள வேலை. சம்பளமில்லாத வேலை லினக்ஸ். யார் யாரோ சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், பிடிக்காததைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கே விட்டுவைத்த இயங்குதளம் அது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் கூடுவார்கள். கடைக்காரர்கள் கைவிரித்த பழைய மடிக்கணினிகளை யாராவது பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். போகும்போது அவை ஓடிக்கொண்டிருக்கும். மருந்துக்கடைக்காரரின் பில் போடும் கணினி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கணினி, யாரோ ஒரு பாட்டுக்காரரின் ஒலிப்பதிவு எல்லாம் அந்த மாடியின் தயவில்தான் நடந்தன. அங்கே அவள் கணவனுக்கு வைத்தியர் என்று பெயர். சும்மா சொல்லக் கூடாது, கைராசிக்காரன். வீட்டுக்கு மட்டும்தான் அந்த வைத்தியரிடம் டோக்கன் கிடைப்பதில்லை.

கூடத்தில் அவள் பயன்படுத்தும் கணினியும் அவன் உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டியதுதான். திறந்தால் இரண்டு பெயர்கள் வரும், அவனுடையதும் அவளுடையதும். கல்யாணமான புதிதில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்துகொண்டு அதை அமைத்தார்கள். “மெஷின் ஒண்ணு, கணக்கு ரெண்டு. சண்டையே வராது பாரேன்” என்றான் அன்று. சண்டை வரவில்லைதான். சண்டை போடவும் இரண்டு பேர் பேச வேண்டுமே.

அந்தக் கணினியில்தான் கணவனுடைய குழுவின் பக்கத்தை அவள் தேடித் திறந்தாள். உச்சியில் விதி ஒன்று எழுதியிருந்தது: “இங்கே எந்தக் கேள்வியும் அற்பமில்லை. ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்பவர் குழுவிலிருந்து நீக்கப்படுவார்.” எழுதியவர் வைத்தியர். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஒரு புனைபெயர் கொடு என்று பக்கம் கேட்டது. தையல் மெஷின்மேல் கண் போயிற்று. அடிநூல் சுற்றும் பாபின் கண்ணில் பட்டது, அதையே கொடுத்தாள். அளவு சுருங்கும் கதையை எழுதி அனுப்பினாள்.

உள்ளறையில் விசைப்பலகையின் விசைகள் தடதடவென்று ஓடின. அந்தச் சத்தம் நின்றதும் அவள் திரையில் பதில் வந்தது.

“வணக்கம் சகோ. முதல்ல, தப்பு உங்க மேல இல்ல. ஓரம் வெட்டுப்படக் கூடாதுன்னு பிரிண்ட் குடுக்கறப்ப ஸ்கிரீன்ல வர்ற பெட்டியே நம்மைக் கேக்காம படத்தைச் சுருக்கிடும். அதுல ‘தாளுக்குப் பொருத்து’ன்னு இருக்கும், அதை எடுத்துடுங்க. பேட்டர்ன் ஓரத்துல அளவு தெரிஞ்ச ஒரு சதுரம் வரைஞ்சு வைங்க. முதல் தாள் வந்ததும் டேப் வச்சு அதை அளந்து பாருங்க. சதுரம் சரியா வந்தா சட்டையும் சரியா வரும். துணியை வெட்டிட்டீங்களா? அதுதான் எனக்குக் கவலையா இருக்கு.”

வெட்டிவிட்டேன் என்று எழுதினாள்.

“அடடா. புது ஃபேஷன்னு சொல்லி வித்துடுங்க சகோ. ஒரு மாசத்துல ஊரே குட்டைக் கையோட அலையும்.”

உள்ளேயிருந்து ஒரு கிளுக்குச் சிரிப்புக் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அந்த வீட்டில் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தாள்.

சதுரம் சரியாக வந்தது. சட்டையும் சரியாக வந்தது. கேள்வி மட்டும் நிற்கவில்லை. எழுத்துருவைப் பற்றிக் கேட்டாள், பழைய பேட்டர்ன்களைப் பத்திரப்படுத்துவது பற்றிக் கேட்டாள். கேட்க ஒன்றும் இல்லாத நாளில் நன்றாக ஓடுகிற கணினிக்கு நோய் கற்பித்தாள். வைத்தியர் ஒன்றையும் தட்டிக்கழிக்கவில்லை. “அவசரமே இல்ல, நீங்க பண்ணிப் பாருங்க, நான் இருக்கேன்” என்று எழுதுவார். அந்த ‘நான் இருக்கேன்’-ஐப் படிப்பதற்காகவே அவள் இன்னொரு கேள்வியைத் தயார் செய்வாள். சாப்பாட்டு மேசையில் அதே ஆள் எதிரே உட்கார்ந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான்.

தைக்கிற தொழில், பிரிண்டர் கோளாறு, குட்டைக் கை என்று இவ்வளவு சொல்லியும் அவனுக்குப் பொறி தட்டவில்லை. வீட்டில் அவள் சொன்னது காதில் விழுந்திருந்தால் அல்லவா தட்டும். கண்டுபிடித்துவிடுவானோ என்று முதலில் பயந்தாள். பிறகு, கண்டுபிடித்துத் தொலைக்க மாட்டானா என்று ஏங்கினாள்.

ஒரு மாலை பாபின் தனிச்செய்தியில் கேட்டாள்: உங்களுக்கு எங்கிருந்து இவ்வளவு பொறுமை வருகிறது?

இந்த முறை உள்ளறையில் விசைகள் விட்டு விட்டுத்தான் ஓடின.

“எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்து தங்கல சகோ. அப்ப என் மனைவி அழுதா. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இன்னிக்கும் தெரியல. வாயைத் திறந்தா எதையாவது தப்பா சொல்லிடுவேன்னு பயம். இங்க யாராவது ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சுன்னு வந்தா என்ன செய்யணும்னு தெரியும். அதுதான் என் பொறுமை, வேற ஒண்ணுமில்ல. பாப்பாவுக்கு அவ தைச்ச தொப்பி இன்னும் என் ஆபீஸ் மேசையில இருக்கு.”

தொப்பி தொலைந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மஞ்சள் துணியில் உள்ளங்கைக்குள் அடங்குகிற தொப்பி. மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பிறகு அவன் தொட்டிலை எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அதன்பின் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். அந்த ஒரு காரணத்துக்காகவே உள்ளுக்குள் அவனை வெறுத்தும் வந்தாள். இப்போது வெட்டுத் துணி ஒன்றை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போய், கட்டிலில், அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

“ஏங்க, பாப்பாவைப் பத்தி நாம கொஞ்சம் பேசலாமா?”

அவன் தோள்கள் இறுகின. “இப்ப எதுக்கு அதெல்லாம்?”

“உங்களுக்கு வலிக்கலையான்னு கேக்கறேன்.”

“விடேன். எனக்குத் தலை வலிக்குது.”

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். திரையில் புதுச் செய்தி காத்திருந்தது.

“மன்னிக்கணும் சகோ, ஏதேதோ எழுதிட்டேன். அது கிடக்கட்டும், உங்க பிரிண்டர் இப்ப ஒழுங்கா ஓடுதா?”

நான்தான் பாபின் என்று அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். விரல் விசைமேல் போய்விட்டுத் திரும்பி வந்தது. உடைத்தால் அங்கேயும் அவன் வாயை மூடிக்கொள்வான். முதுகைக் காட்டும் கணவன் மட்டும் மிஞ்சுவான். நான் இருக்கேன் என்று சொல்கிறவன் போய்விடுவான். பிரிண்டர் நன்றாக ஓடுகிறது என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு வைத்தியர் பாபினிடம் நிறையவே பேசினார். அலுவலகத்தில் மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டியதைச் சொன்னார். கண்ணாடி போடச் சொல்லிவிட்டார்கள் என்பதையும், பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைத் தன் கணினிக்கு வைத்திருப்பதையும் சொன்னார். மனைவிக்கு ஒன்றும் தெரியாது. பாபினுக்கு எல்லாம் தெரியும். தன் புருஷனை வளைத்துப்போட்டவள்மீது எந்தப் பெண்ணுக்கும் வருகிற ஆத்திரம் அவளுக்கும் வந்தது. யார் தலைமுடியைப் பிடித்து உலுக்குவது என்றுதான் தெரியவில்லை. வீட்டில் அவள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை.

வேறு ஊரில் தையற்கூடம் வைத்திருந்த அவளுடைய அக்கா வெகு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “அங்க என்னதான்டி வச்சிருக்கே, வந்து என்கூட இரு” என்பாள். ஒரு நாள் தொலைபேசியில் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். கூடத்துக் கணினியைத் திறந்து பாபினின் கடைசிக் கேள்வியை எழுதினாள்: வீட்டுக் கணினியில் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நான் வீட்டைவிட்டுப் போகிறேன். என்னுடையதை எடுத்துக்கொண்டு கணக்கை நீக்க வேண்டும். இன்னொருவருடைய ஃபைல்களுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது.

“பயப்படாதீங்க சகோ. அவரோடதை நீங்க நெனச்சாலும் தொட முடியாது, உங்களோடதை அவர் தற்செயலா அழிக்கவும் முடியாது. ஒரே மெஷின்ல எத்தனை பேர் இருந்தாலும் அவங்கவங்க இடம் அவங்கவங்களுக்கு. முதல்ல உங்களோடது எல்லாத்தையும் ஒரு வெளி டிஸ்க்ல காப்பி பண்ணுங்க. புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைல் கண்ணுக்குத் தெரியாது, அதை மறந்துடாதீங்க. கண்ணுக்குத் தெரியறதை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டு அப்புறம் தவிக்கிறவங்க நிறைய பேர். காப்பி ஒழுங்கா திறக்குதான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் இங்க அழிங்க. கணக்கையே நீக்கணும்னா மட்டும் அட்மின் வேணும். உங்க வீட்ல அட்மின் யாரு?”

“என் கணவர்.”

“அப்ப ஒரு வேலையுமில்ல. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, செஞ்சு குடுத்துடுவார்.”

அவள் எழுந்துபோய் வெளி டிஸ்க்கைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் காலை அவன் சொன்ன வரிசைப்படியே எல்லாம் செய்தாள். புள்ளி வைத்த ஃபைல்களை விடவில்லை. காப்பியைத் திறந்து பார்த்தாள். பேட்டர்ன்கள் இருந்தன. அந்த மஞ்சள் தொப்பிக்கு வரைந்த அளவும் இருந்தது, இரண்டே துண்டுகள். எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு கணினியில் இருந்ததை அழித்தாள். தையல் மெஷினை அனுப்பச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பையோடு உள்ளறை வாசலில் போய் நின்றாள். அவனுக்கு அன்று விடுமுறை.

“ஏங்க, நான் அக்கா வீட்டுக்குப் போறேன்.”

“ம்.”

“திரும்பி வர்றதா இல்லீங்க.”

ஹெட்போன் காதில் இருந்தது. இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினான். “ஒரு நிமிஷம். இங்க ஒருத்தருக்கு எழுதிட்டிருக்கேன், முடிச்சிட்டு வரேன்.”

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். அதற்கு மேலும் நின்றாள். அவன் கழுத்துக்குப் பின்னால் முடி நரைக்கத் தொடங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி புறப்படுவதற்கு முன்னால் போன் அதிர்ந்தது. பாபினுக்குச் செய்தி.

“சகோ, நேத்து நீங்க வீட்டை விட்டுப் போறேன்னு எழுதினது மனசை என்னமோ பண்ணுது. கேக்கலாமா வேண்டாமான்னு காலையிலேர்ந்து எழுதி எழுதி அழிச்சிட்டிருக்கேன். எல்லாம் நல்லபடியா எடுத்தாச்சா? எதுவும் விட்டுப்போகலையே? எதுன்னாலும் சொல்லுங்க, நான் இருக்கேன்.”

அந்த ஒரு நிமிஷம் அவன் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். பக்கத்து இருக்கைக்காரர் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எழுதினாள்.

“எல்லாம் எடுத்தாச்சுங்க. ஹால்ல இருக்கற மெஷின்ல என் பேரை மட்டும் நீக்கிடுங்க. அட்மின் நீங்கதானே. பாப்பாவோட தொப்பி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

படித்துவிட்டான் என்று காட்டியது. ‘எழுதுகிறார்’ என்று திரையில் தோன்றியது. மறைந்தது. மறுபடி தோன்றி மறுபடி மறைந்தது. வண்டி நிலையத்தை விட்டு வெளியேறி, பாலத்தைத் தாண்டியது. கடைகள் குறைந்து வெட்டவெளி வந்துவிட்டது. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுகிற வைத்தியரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. அந்த மௌனம் அவளுக்குப் புதிதில்லை. இத்தனை காலமும் அதோடுதான் குடித்தனம் நடத்தினாள்.